சூடம் அணைக்க மறுத்த பெண்

பண்டாரவளையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உளவளத் துணையாளர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, வந்து பேச வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். தலைப்பு என்னம்மா என்றேன். "வருகிறவர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்தவரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு வழி வைத்திருப்பவர்களை நான் தேர்தல் காலத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போனேன். வேலையை விட்டு வந்த பிறகு யாராவது கூப்பிட்டால் மறுக்க மனசு வருவதில்லை.

அங்கே போனால் எல்லாம் மாறியிருக்கிறது. இப்போது பாதி வேலை கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதாம். வருகிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் அவர்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றைக் காம்பரா ஒன்றில் இருந்து ஒரு பெண் பேசினால், தொலைபேசிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார், சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருப்பது யார் என்று கேட்டேன். பிறகு ஒரு பையன், "டீச்சர், ஒங்க அனுபவத்துல இருந்து ஒரு கேஸ் சொல்லுங்களேன்" என்றான். பாதி சொல்வதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நான் முதலில் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. அதனால்தான் கடைசிவரை எல்லோருக்கும் டீச்சர். பாடசாலையை விட்டபின் பதுளையில் ஒரு ஆலோசனை நிலையத்தில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, மனசுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கடற்கரையை நினைத்தார்கள், அருவியை நினைத்தார்கள். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையை நினைத்தேன். அதைச் சொன்னதும் சிரித்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

நாங்கள் செய்த சிகிச்சைக்கு நீளமான பெயர் உண்டு: ஒருங்கிணைந்த மனிதநேய உளச்சிகிச்சை. பெயரைக் கேட்டதும் யாரோ எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயம் என்னவோ எளிமையானது. வந்திருப்பவரை நோயின் பெயரால் பார்க்காமல் ஒரு மனுஷராகப் பார்ப்பது. தனக்கு எது நல்லது என்று கண்டுபிடிக்கிற சக்தி அவரிடமே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. ஒரே முறையைக் கட்டிக்கொண்டு அழாமல் பேச்சு, மூச்சு, உடம்பு, குடும்பம் என்று எங்கிருந்து எது தேவையோ அதை எடுத்துக்கொள்வது. பெரிய அதிர்ச்சியில் உடைந்தவர்களும், பேசிக்கொள்ள முடியாமல் போன புருஷன் பெண்சாதிகளும்தான் எங்களிடம் அதிகம் வந்தார்கள். பல நேரம் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன.

நிலையம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. கடைக்கு உள்ளே போய்த்தான் படி ஏற வேண்டும். முதலாளி நல்ல மனிதர், வருகிறவர்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார். எங்களிடம் வருவதைவிடச் சேலை எடுக்க வருவதாகச் சொல்வது எல்லோருக்கும் வசதி. நாங்கள் தோட்டங்களுக்குப் போகும்போதோ கதையே வேறு. தோட்டத்தை நடத்துகிற துரை அனுப்பினாரா, தொழிற்சங்கம் அனுப்பியதா, மதம் மாற்ற வந்தீர்களா என்று மூன்று கேள்வியும் கேட்டு முடித்த பிறகுதான் உட்காரச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். சந்தேகப்படுகிறவர் இன்னும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ரிஸ்வானா மிஸ். பண்டாரவளைக்காரர், என்னைவிட வயதில் நன்றாகச் சிறியவர். இந்தப் பிள்ளையிடம் நான் என்ன கற்பது என்று ஆரம்பத்தில் எனக்கு ஓர் இளக்காரம் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அவர் யாரையும் பாராட்டமாட்டார், திட்டவும் மாட்டார். தன் சொந்த அறைக்குள் நுழையும்போதுகூட, உள்ளே நான் இருந்தால், கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தபடி சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் எங்கேயாவது "அவர் எதையோ மறைக்கிறார்" என்று சொல்லிவிட்டால் போதும், கிளாஸ் கீழே வந்துவிடும்.

"அது அவங்க சொன்னதா டீச்சர், நீங்க நெனச்சதா?"

இந்த ஒரு கேள்வியால் அவர் என் உயிரை வாங்கினார். எனக்குத் தோன்றியதற்கும் எதிரில் இருந்தவர் சொன்னதற்கும் நடுவே கோடு போடச் சொல்வார். போடப்போனால், என் அறிக்கையில் பாதி என் கற்பனையாக இருக்கும்.

வேலைக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. அறையில் மூன்று நாற்காலி. வருகிறவர் முதலில் தன் இடத்தைத் தேர்ந்தெடுப்பார், பிறகுதான் நான் உட்காருவேன். முக்கால்வாசிப் பேர் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்பதும் அவர்கள் விருப்பம். "ஏன்" என்று ஆரம்பிக்கிற கேள்வி கிடையாது, அது பொலிசில் கேட்பது. நடந்த கெட்டதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதிலிருந்து திரும்பி வரும் வழியைச் சொல்லிக்கொடுப்போம்: பாதத்தைத் தரையில் அழுத்துவது, கண்ணுக்குத் தெரிகிறவற்றைப் பெயர் சொல்வது, முடியாவிட்டால் கையைத் தூக்குவது. கையைத் தூக்கினால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தம்பதி வந்தால் முதலில் தனித்தனியாகப் பார்ப்போம். யாருடைய உயிருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து இல்லாதவரை, ஒருவர் தனியாகச் சொன்னது மற்றவருக்குப் போகாது. சொல்லும்போது இது சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

தியாகராஜா வந்தது ஒரு மழைக்காலத்தில். ஹாலிஎலவில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பது வயது சொச்சம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"என் பொஞ்சாதிக்குப் பைத்தியமா, இல்ல என்னய ஏமாத்துறாளா? ரெண்டுல ஒண்ணு பாத்துச் சொல்லிருங்க டீச்சர்" என்றான்.

அவன் மனைவி புவனேஸ்வரி, கொழுந்து பறிக்கிறவள். சில வருஷங்களுக்கு முன் அவர்களுடைய தோட்டத்தில் மலை சரிந்து மேல் லயத்தை மூடியது. புவனாவின் அக்காவும் அக்கா புருஷனும் அதில் போய்விட்டார்கள். அவர்களுடைய கைக்குழந்தை மட்டும் அன்று புவனாவிடம் இருந்ததால் பிழைத்தது. சொந்தப் பிள்ளை இல்லாத இவர்கள் இருவரும் அந்தப் பெண் பிள்ளையைத்தான் வளர்க்கிறார்கள். இது வரைக்கும் சரி. ஆனால் பகலில் பெரிய மழை பிடித்தால் புவனா அடுப்பில் இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுகிறாள். தெப்பமாக நனைந்து திரும்பி வருகிறாள். எங்கே போனாய் என்றால் பதில் இல்லை. ஒருநாள் தியாகு மறைந்து மறைந்து பின்னால் போயிருக்கிறான். பழைய லயத்துக்குக் கீழே இருக்கிற வளைவில் அவளைத் தவறவிட்டுவிட்டான். அந்தப் பக்கத்தில் இருப்பது காவல்காரன் ஒருவனுடைய கொட்டில் மட்டும்தான்.

லயத்தில் ஒரு விஷயம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. தோட்டத் தலைவர் கூப்பிட்டுப் பேசினார். அந்த மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் புவனா சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவானது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் தப்புப் பண்ணவில்லை என்று சாமி முன்னால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோழி காணாமல் போனதில் இருந்து குடும்பச் சண்டை வரைக்கும் தோட்டத்தில் அப்படித்தான் தீர்ப்பார்கள்.

புவனா முடியாது என்றுவிட்டாள். குற்றம் இல்லாதவள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று லயமே கேட்டது. வெள்ளிக்கிழமை சத்தியம் பண்ணவில்லை என்றால் அவளை மொனராகலையில் இருக்கிற அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது, பிள்ளையைத் தியாகு வீட்டார் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தார்கள்.

எனக்கும் அந்தக் கொட்டில்மேல்தான் கண். பொய் சொல்கிறவர்கள் ஓடிவந்து சூடத்தை அணைப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மறுக்கிறவளைப் பார்த்ததில்லை. ஒரு நொடி வேலை, பிள்ளை கையில் இருக்கும், குடும்பம் இருக்கும். அதற்கும் மாட்டேன் என்றால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரிது அப்போது அது ஒன்றுதான்.

புவனா முதல் முறை வந்தபோது கதவோரம் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தான் சொல்வது துரைக்குப் போகுமா, தலைவருக்குப் போகுமா, புருஷனுக்குப் போகுமா என்று வரிசையாகக் கேட்டாள். போகாது என்றேன். எப்போது சொல்லுவேன், எப்போது சொல்ல மாட்டேன் என்பதையும் விளக்கினேன். அவள் நம்பவில்லை. மாவு விலை, பஸ் கூட்டம் என்று பேசிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ரிஸ்வானா மிஸ்ஸிடம், இதில் ஓர் ஆள் இருக்கிறான் என்று உறுதியாகச் சொன்னேன். கிளாஸ் கீழே வந்தது. அது நான் நினைத்ததுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்ப அத வாசல்ல வெச்சிட்டு உள்ளுக்குப் போங்க டீச்சர். எங்க போறாங்கன்னு கேக்க வாணாம். அத எல்லாரும் கேட்டுட்டாங்க. மழ தொடங்கக்குள்ள உடம்புல எந்த இடத்துல என்ன நடக்குதுன்னு கேளுங்க."

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மாடித் தகரத்தில் மழை இறங்கியது. புவனா எழுந்துவிட்டாள். பாதத்தை அழுத்தச் சொன்னேன். அறையில் தெரிகிறதைச் சொல்லச் சொன்னேன். நாற்காலி, சுவர், டீச்சரின் செருப்பு என்று சொல்லிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள். வலது கையை மட்டும் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கையில் என்ன என்று கேட்டேன்.

"மழ பெஞ்சா இந்த உள்ளங்க எரியுது டீச்சர்" என்றாள்.

கையைப் பார்த்தேன், கொழுந்துக் கறை தவிர ஒன்றும் இல்லை. பயிற்சியில் ஒரு கேள்வி சொல்லித்தந்திருந்தார்கள், வலிக்கிற இடத்துக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும் என்று. நாடகத்தனமான கேள்வி என்று நினைத்து நான் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. அன்று வேறு ஒன்றும் தோன்றாமல் கேட்டுவிட்டேன்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சத்தியம் பண்ணிட்டேன், போக முடியாதுன்னு சொல்லும்."

பிறகு கதை வந்தது. குழாயடியில் அக்காவோடு சண்டை. கோபத்தில் அக்கா அவளை மலடி என்றுவிட்டாள். புவனா நேரே கோயிலுக்குப் போய்ச் சூடத்தை ஏற்றி, அதை அடித்து அணைத்து, இனிமேல் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். குழந்தைக்குச் சண்டை ஏது? அதே லயத்தில் சில காம்பரா தள்ளி இருந்த சித்தியிடம் அது பாட்டுக்குத் தவழ்ந்து வந்துபோகும். மலை சரிந்த அன்றும் அது புவனாவிடம்தான் இருந்தது. மழைக்குள் மேலே சத்தம் கேட்டு, லயத்துக்குப் பின்னாலிருந்து சேற்றுத் தண்ணீர் வருவதைப் பார்த்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு புவனா அக்கா காம்பராவுக்கு ஓடினாள். வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. ஏறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். வெளியில் நின்றே கூப்பிட்டாள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து யாரும் வரவில்லை. மண் நகர்வதைப் பார்த்ததும் குழந்தையோடு ஓடிவந்துவிட்டாள்.

"அக்காவுக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் கோவத்துல வரலையான்னு தெரியல டீச்சர். மழ வந்தா அங்க போய்க் கூப்புடுறேன். இன்னொரு வாட்டி அந்தச் சூடத்துல கைய வெக்க என்னால முடியாது."

நான் அழுதேன். அழக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. தியாகுவிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் கையில் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவரிடம் சொன்னால் லயத்துக்குப் போகும், லயத்திலிருந்து ஒருநாள் பிள்ளையின் காதுக்குப் போகும். உன் அம்மாவைச் சித்திதான் விட்டுவிட்டு வந்தாள் என்று பிள்ளைக்குத் தெரிவதைவிட, மொனராகலைக்குப் போவது மேல் என்றாள். அதற்கடுத்த சந்திப்பில் ஒரு நாற்காலியில் அக்கா இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னேன். அவள் அந்த நாற்காலியைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

வியாழக்கிழமை தியாகு மட்டும் வந்தான், உட்காரவில்லை. டீச்சருக்கு எல்லாம் தெரியும், அது உங்கள் மூஞ்சியிலேயே தெரிகிறது என்றான். நீங்களும் அவளோடு கூட்டு என்றான். என்னால் ஒரே ஒரு வார்த்தையில் அவர்களுடைய குடும்பத்தைக் காப்பாற்ற முடியும், அது எனக்கும் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. அவள் சொன்னதை அவனிடம் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் சொன்னதை அவளிடம் நான் சொன்னேனா என்று திருப்பிக் கேட்டேன். அவன் அடங்கினான். தன் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனதையும், தீபாவளிக்கு வருவேன் என்றவள் வராமலே போனதையும், சிறுவனாக ஒவ்வொரு தீபாவளிக்கும் பஸ் பார்த்து நின்றதையும் அவன் முன்பு ஒரு சந்திப்பில் என்னிடம் சொல்லியிருந்தான். பெண்சாதியிடம் அதைச் சொன்னதே இல்லை.

"சரி தம்பி. நாளைக்கு அவங்க சூடத்த அணைச்சிட்டாங்கன்னு வைங்க. நம்புவீங்களா?" என்றேன்.

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மாட்டேன் டீச்சர். அப்புறம் வேற ஒண்ணு தோணும்."

"அப்ப எதுக்குச் சத்தியம்?"

"போயிருவாளோன்னு பயமா இருக்கு."

அதுவரை அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் சந்தேகம். பயம் என்ற வார்த்தை அன்றுதான் வந்தது.

அவன் போனதும் ரிஸ்வானா மிஸ்ஸிடம் சண்டைக்கே போனேன். ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கொடுங்கள், பிள்ளை தாயை இரண்டாவது தடவை இழக்கப்போகிறது என்றேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சொன்னால் இந்த வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றலாம், அதற்குப் பிறகு அவள் வாழ்நாளில் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள் என்றார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அதையும் முகத்துக்கு நேரே சொன்னேன். கோபப்படுங்கள் டீச்சர், ஆனால் சொல்லாதீர்கள் என்றார். கூப்பிடாமல் யாருடைய வீட்டுக்கும் கோயிலுக்கும் நாங்கள் போவதில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மாடியில் உட்கார்ந்து நமுனுகுல மலைப் பக்கம் மேகம் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மழை பிடித்தது. கெட்டதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து படியேறி வந்தார்கள். கதவைச் சாத்தியது புவனாதான்.

கோயிலில் தலைவர், தியாகு வீட்டார், லயத்துச் சனம் எல்லோரும் கூடி, தட்டில் சூடத்தை வைத்துக் காத்திருக்கும்போது மழை வந்திருக்கிறது. புவனா எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எழுந்து வெளியே நடந்திருக்கிறாள். பின்னால் கூச்சல், பேசக்கூடாத பேச்செல்லாம். தியாகு இந்த முறை மறைந்து போகவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தான். வளைவு தாண்டி, கொட்டில் தாண்டி, புல் மூடிக் கிடந்த பழைய லயத்து மேட்டுக்கு முன்னால் அவள் நின்றாள். அக்கா, அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

தலைவருக்கு இன்றுவரை அவர்கள்மேல் மனத்தாங்கல்தான். தியாகு போய், சத்தியம் வேண்டாம், இது எங்கள் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டானாம். புவனா மொனராகலைக்குப் போகவில்லை, பிள்ளை தாயைப் பிரியவும் இல்லை. அவர்கள் அதன்பிறகும் ஒரு வருஷத்துக்குமேல் எங்களிடம் வந்தார்கள். பஸ் பார்த்து நின்ற கதையை அவன் அவளிடம் சொல்ல எத்தனையோ மாதம் பிடித்தது. பிள்ளைக்கு எதை, எப்போது சொல்வது என்பதற்கு இன்னும் அதிகம் பிடித்தது. அதெல்லாம் மெதுவான வேலை, எழுதினால் சுவாரசியம் இருக்காது.

அன்று அறையில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"நா ஒண்ணுமே கேக்கல டீச்சர். அவ கூப்புட்டுக்கிட்டே இருந்தா, தொண்ட கட்டிப்போச்சு. என்னமோ தெரியல, நானும் சேந்து கூப்புட்டேன். அதுக்கப்புறந்தான் எல்லாத்தையும் சொன்னா."

புவனா அவன் பக்கம் திரும்பவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கொரலா கூப்புட்டா மழையிலயும் கேக்கும், இல்லையா டீச்சர்?" என்றாள்.